கையைப் பிடித்து நிறுத்துபவனே சகோதரன்

வாலிபனை அரபு மொழியில் ‘ஃபதா’ என்பர். சிலைகளைத் தகர்த்த நபி இப்ராஹீம் (அலை) அவர்களைப் பற்றி அவ்வூரார் பேசிக்கொள்ளும் இடத்தில் திருக்குர்ஆன் இச்சொல்லையே ஆளுகிறது. ஈமானைக் காத்துக்கொள்ள ஊரைத் துறந்து குகையில் ஒதுங்கிய நல்லடியார்களையும் இதே சொல்லின் பன்மையால் ‘ஃபித்யா’ என்றே அழைக்கிறது. முன்னவர் தனித்து நின்று சத்தியத்தை நிலைநாட்டிய வாலிபர். பின்னவர்களோ ஒன்றுகூடிச் சத்தியத்தைக் காத்த வாலிபர்கள். ஆதலால் வாலிபர்கள் கூட்டமாய்ச் சேர்வது தன்னளவில் குற்றமாகாது. தோழமை தேடுவதும், மானத்திற்கு ஏங்குவதும், தன் கூட்டத்தார்க்காக உயிரையும் கொடுக்கத் துணிவதும் அவ்வயதின் இயல்புகள். அவ்வியல்புகளை நன்மையின் பக்கம் அழைத்துச் செல்ல ஆளில்லாதபோது, தீமையின் பக்கம் அழைத்துச் செல்ல ஷைத்தான் ஆளனுப்பத் தவறுவதில்லை.

கத்தியும் துப்பாக்கியும் ஏந்தித் திரியும் வாலிபர் கும்பல்கள் இன்று உலகின் பல நகரங்களைக் கலங்கச் செய்கின்றன. இதற்குக் காரணம் என்ன, தடுக்கும் வழி என்ன என்று ஆராயப் புகுவோர்க்கு அமெரிக்காவின் பாஸ்டன் மாநகரின் வரலாறு பெரும் படிப்பினையாகும். முஸ்லிம்களாகிய நமக்கு அந்நகரோடு ஓர் உறவும் உண்டு.

ராக்ஸ்பரிக்கு வந்த சிறுவன்

பாஸ்டனில் ராக்ஸ்பரி என்பது கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த பகுதி. 1941-ஆம் ஆண்டு பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் தன் தந்தையின் மூத்த மனைவிக்குப் பிறந்த தமக்கையை நாடி அங்கு வந்து சேர்ந்தான். அவனுக்கு ஆறு வயதாயிருக்கையில், 1931-இல், தந்தை டிராம் வண்டியின் அடியில் சிக்கி மாண்டார். வெள்ளை நிறவெறியரே அவரைக் கொன்றனர் என்று குடும்பத்தார் ஐயுற்றனர். பல பிள்ளைகளைத் தனியே வளர்க்கப் போராடிய தாய் மனம் பேதலித்து, 1939-இல் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உடன்பிறந்தோர் வெவ்வேறு வீடுகளுக்குப் பங்கிடப்பட்டனர். படிப்பில் சிறந்து விளங்கிய அச்சிறுவன் தான் வழக்கறிஞராக வேண்டுமென்ற ஆசையை ஆசிரியரிடம் கூறியபோது, உன் இனத்தானுக்கு அது ஒவ்வாத கனவு, தச்சுவேலை கற்றுக்கொள் என்ற பொருள்பட அவர் பதிலுரைத்தார்.

தந்தையின் நிழல் போயிற்று. தாயின் மடி போயிற்று. எஞ்சியிருந்த நம்பிக்கையும் ஒரு சொல்லால் போயிற்று. நகரத்திற்கு வந்த அவனைத் தெரு வரவேற்றது. நடன அரங்கில் காலணி துடைத்தவன், சூதிலும் போதைப்பொருளிலும் இறங்கினான். பின்னர்ச் சில கூட்டாளிகளோடு சேர்ந்து வீடுகளை உடைத்துத் திருடலானான். திருடிய கைக்கடிகாரம் ஒன்றைப் பழுதுபார்க்கக் கொடுத்து, அதைத் திரும்பப் பெறச் சென்ற இடத்தில் 1946 ஜனவரியில் பிடிபட்டான். அப்போது அவனுக்கு வயது இருபது. எட்டு முதல் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அவரே பிற்காலத்தில் மால்கம் எக்ஸ் என்று உலகறிந்த பெருந்தலைவர். சிறையில் அவரைத் திருத்தியவை எவை? உடன்பிறந்தோர் விடாது எழுதிய கடிதங்களும், சிறை நூலகத்தின் புத்தகங்களுமே. முதலில் இனப்பிரிவினை பேசிய ஓர் இயக்கத்தில் சேர்ந்தார். 1964-ஆம் ஆண்டு அதனின்றும் விலகி, ஹஜ்ஜுக்குச் சென்று, எல்லா நிறத்தாரும் ஒரே அணியில் நிற்கக் கண்டு, தூய இஸ்லாத்தின் சகோதரத்துவத்தை நெஞ்சார ஏற்றார். 1965 பிப்ரவரி 21-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தத் திருட்டுக் கூட்டத்தில் இருந்த அறிவும் துணிவும் பேச்சாற்றலும் யாருடையவை? பின்னாளில் இலட்சோபலட்சம் மக்களைத் தட்டியெழுப்பிய அதே மனிதருடையவை அன்றோ! தீய கூட்டத்தில் நிற்கும் வாலிபனைக் காணும்போது, அவனுள் புதைந்துகிடப்பது எத்தகைய செல்வம் என்பதை நாம் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

பகையும் பயமும்

அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், அதே ராக்ஸ்பரியும் அதையடுத்த டார்செஸ்டர், மட்டப்பன் பகுதிகளும் முன்னினும் கொடிய சோதனைக்கு உள்ளாயின. ‘கிராக்’ எனப்படும் மலிவான கோகெய்ன் போதைப்பொருள் 1980-களின் பிற்பகுதியில் அங்கே பரவிற்று. அது தெருமுனையில் சிறு பொட்டலங்களாக விற்கப்படும் சரக்கு. ஆகவே தெருமுனைக்கு ஒரு கூட்டமும், கூட்டத்திற்கு ஓர் எல்லையும் உண்டாயின. வேலையற்ற வாலிபர்களுக்குக் கை நிறையப் பணம் கிடைத்தது. பணத்தைக் காக்கத் துப்பாக்கி வந்தது.

துப்பாக்கி ஒருமுறை தெருவில் இறங்கிவிட்டால் அது வியாபாரியின் இடுப்போடு நிற்பதில்லை. அவனுக்கு அஞ்சியவனும் ஒன்றை வாங்குகிறான். இவனுக்கு அஞ்சி மற்றொருவனும் வாங்குகிறான். முன்பு குத்துச்சண்டையோடு முடிந்த பள்ளிச் சிறுவர்களின் தகராறு இப்போது ஜனாஸாவில் முடிகிறது. இறந்தவனின் தோழர்கள் பழிவாங்கப் புறப்படுகிறார்கள். பிற்காலத்து ஆய்வாளர்கள் இக்கொலைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை போதைப்பொருள் வாணிகத்தின் பொருட்டு நிகழ்ந்தவையல்ல, கூட்டத்திற்கும் கூட்டத்திற்கும் இடையே நீண்ட பழிக்குப்பழியின் விளைவுகளே என்று கண்டனர். ஒட்டகத்தின் பொருட்டு மூண்டு நாற்பது ஆண்டு நீடித்ததாகச் சொல்லப்படும் பஸூஸ் போரை அறிந்த நமக்கு இது புதிய செய்தியன்று. ஜாஹிலிய்யத் ஒரு காலத்தின் பெயர் மட்டுமன்று. அது மனத்தின் ஒரு நிலையுமாகும்.

காவல்துறையின்மீதும் மக்களுக்கு நம்பிக்கை இல்லை. 1989 அக்டோபரில் ஒரு வெள்ளையர் கருவுற்றிருந்த தம் மனைவியைச் சுட்டுக் கொன்றுவிட்டு, கறுப்பர் ஒருவரே சுட்டதாகப் புகார் செய்தார். காவலர்கள் கறுப்பின மக்கள் வாழும் தெருக்களில் புகுந்து கண்ட வாலிபர்களையெல்லாம் நிறுத்திச் சோதனையிட்டனர். 1990 ஜனவரியில் உண்மை வெளிப்பட்டது. ஆனால் பட்ட அவமானம் வாலிபர் நெஞ்சில் ஆறவில்லை. நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கை அற்ற இடத்தில், தன் கூட்டமே தனக்கு அரண் என்று வாலிபன் எண்ணத் தலைப்படுகிறான். 1990-ஆம் ஆண்டில் மட்டும் அம்மாநகரில் 152 பேர் கொலையுண்டனர்.

வழிபாட்டுத் தலத்தில் சிந்திய இரத்தம்

1992 மே மாதம், மட்டப்பன் பகுதியிலுள்ள மார்னிங் ஸ்டார் என்னும் கிறிஸ்தவ தேவாலயத்தில், சுட்டுக் கொல்லப்பட்ட வாலிபன் ஒருவனின் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. அத்துக்க வீட்டுக் கூட்டத்திற்குள்ளேயே ஒரு கும்பல் புகுந்து, அங்கு வந்திருந்த வேறொரு வாலிபனைக் கத்தியால் குத்தியது.

அந்நகரின் போதகர்களுள் சிலரை இந்நிகழ்ச்சி உறக்கத்தினின்றும் எழுப்பிற்று. வாலிபர்கள் நம்மிடம் வரவில்லையே என்று குறைகூறிக்கொண்டிருந்தவர்கள், நாம் அவர்களிடம் சென்றோமா என்று தம்மையே கேட்டுக்கொண்டார்கள். யூஜின் ரிவர்ஸ், ஜெஃப்ரி பிரவுன், ரே ஹாமண்ட் முதலிய போதகர்கள் அவ்வாண்டிலேயே ‘பத்து அம்சக் கூட்டணி’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். வெள்ளிக்கிழமை இரவுகளில், கொலைகள் மிகுதியாய் நடக்கும் வேளையில், அத்தெருக்களிலேயே நடக்கலாயினர். முதலில் வாலிபர்கள் விலகி நின்று வேடிக்கை பார்த்தனர். இவர்கள் ஒரு நாள் வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுபவர்களா என்று சோதித்தனர். வாரந்தோறும் அவர்கள் தவறாது வந்தபோதுதான் பேச்சுக் கொடுத்தனர். போதகர்களும் அங்கே பிரசங்கம் செய்யவில்லை, செவிசாய்த்தனர்.

போதைப்பொருள் விற்ற வாலிபன் ஒருவன் ரிவர்ஸிடம் சொன்னதன் கருத்து ஒவ்வொரு தகப்பனும் கேட்க வேண்டியது. சிறுவன் பள்ளிக்குப் போகும்போது தெருவில் நிற்பவன் நான், அவன் தாய்க்கு ரொட்டி வாங்கக் கடைக்குப் போகும்போது நிற்பவனும் நான், நீங்களோ அங்கில்லை, ஆகவே வெற்றி எனக்கே என்றானாம். இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? சொல்லால் அன்று, போய் நிற்பதால் மட்டுமே பதில் சொல்ல முடியும். அதையே அவர்கள் செய்தார்கள்.

ஒருவன் சுட்டால் அனைவரும் பொறுப்பு

இதே காலத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் காவல்துறையின் வாலிபர் கும்பல் தடுப்புப் பிரிவினரும், சிறைக்கு வெளியே கண்காணிக்கப்படுவோரைக் கவனிக்கும் நன்னடத்தை அதிகாரிகளும், தெருப்பணியாளர்களும் ஒன்றுகூடி ஆராய்ந்தனர். ஏறத்தாழ 61 கூட்டங்கள். அவற்றில் சுமார் 1,300 வாலிபர்கள். நகரின் வாலிபர் தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆயினும் இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 விழுக்காடு இவர்களால் நிகழ்ந்தது. ஒரு பகுதியின் வாலிபர் அனைவரையும் சந்தேகக் கண்கொண்டு நோக்குவது எத்துணைப் பெரிய அநீதி என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது.

1996-ஆம் ஆண்டு தொடங்கிய ‘சீஸ்ஃபயர்’, அதாவது போர்நிறுத்தம், என்ற திட்டத்தின்படி அக்கூட்டங்களைச் சேர்ந்தவர்கள் நேருக்கு நேர் அழைக்கப்பட்டனர். அவர்களிடம் இரண்டு செய்திகள் கூறப்பட்டன. கொலை நின்றாக வேண்டும். உங்களுள் ஒருவன் சுட்டாலும் சட்டத்தின் முழுக் கவனமும் உங்கள் கூட்டம் முழுவதன்மீதும் திரும்பும் என்பது ஒன்று. விலகி வர விரும்புவோர்க்குப் படிப்பும் வேலையும் பாதுகாப்பும் தேடித்தர நாங்கள் ஆயத்தமாயிருக்கிறோம் என்பது மற்றொன்று. காவலரின் எச்சரிக்கையும் போதகரின் பரிவும் ஒரே அறையில், ஒரே வேளையில் ஒலித்தன.

இதில் மறைந்திருக்கும் நுட்பத்தைக் கவனியுங்கள். அதுவரை, தோழன் துப்பாக்கி எடுத்தால் தானும் எடுப்பதே தோழமை என்றிருந்தது. இப்போதோ, தோழனின் கையைப் பிடித்து நிறுத்துவதே கூட்டத்தைக் காக்கும் வழியாயிற்று. எந்தப் பிணைப்பு கொலைக்குத் தூண்டிற்றோ அதே பிணைப்பு கொலையைத் தடுக்கும் காவலாயிற்று.

விளைவு யாது? 1991 முதல் 1995 வரை ஆண்டுக்குச் சராசரியாக 44 என்றிருந்த 24 வயதுக்குட்பட்டோர் கொலைகள், 1996-இல் 26 ஆகவும் 1997-இல் 15 ஆகவும் குறைந்தன. அக்காலத்தில் அமெரிக்கா முழுவதிலுமே குற்றங்கள் குறைந்துவந்தன என்பதும் உண்மையே. ஆயினும் பாஸ்டனில் ஏற்பட்ட வீழ்ச்சி வேகத்திலும் அளவிலும் தனித்து நின்றது என்பது ஆய்வாளர் முடிவு. 1999-இல் நகரின் மொத்தக் கொலைகள் 31 மட்டுமே.

இத்துடன் வரலாறு முடிந்திருந்தால் மகிழலாம். வெற்றி கண்டவர்கள் தளர்ந்தனர். ஒன்றுகூடியவர்கள் பிரிந்தனர், பொறுப்பிலிருந்தோர் வேறு பணிகளுக்கு மாறினர், 2000-ஆம் ஆண்டளவில் அத்திட்டம் கைவிடப்பட்டது. கொலைகள் மீண்டும் பெருகி 2005-இல் எழுபதைத் தாண்டின. 2007-இல் அத்திட்டத்திற்கு மீண்டும் உயிரூட்ட வேண்டியதாயிற்று. நிலைத்து நிற்றலை நம் மார்க்கம் ‘இஸ்திகாமத்’ என்று போற்றுவதன் பொருள் இங்கே விளங்குகிறது.

பாக்தாத் கண்ட வழி

வாலிபர் கும்பல்களின் தொல்லையை நம் வரலாறும் அறியும். அப்பாஸியர் ஆட்சிக் காலத்து பாக்தாதில் ‘அய்யாரூன்’ எனப்பட்ட கூட்டத்தார் இருந்தனர். ஆட்சி தளரும்போதெல்லாம் அவர்கள் தலையெடுத்தனர். கடைவீதிகளில் காவல் வரி என்று சொல்லிப் பணம் பறித்தனர். செல்வர் வீடுகளைக் கொள்ளையிட்டனர். ஆனால் அவர்களிடமும் தோழமைக்கென ஒரு கட்டுப்பாடும் வீரத்திற்கென ஒரு பெருமையும் இருந்தன. வாலிபத்தின் மேன்மை எனப் பொருள்படும் ‘ஃபுதுவ்வத்’ என்ற பெயரால் அதை அழைத்தனர்.

1180 முதல் 1225 வரை ஆட்சி புரிந்த கலீபா அந்நாஸிர் லி தீனில்லாஹ் அவர்கள் இக்கூட்டங்களை வாளால் மட்டும் அடக்க முயலவில்லை. தாமே ஃபுதுவ்வத்தில் சேர்ந்து, அதற்குரிய கால்சட்டையை அணிந்தார்கள். சிதறிக்கிடந்த கூட்டங்களை ஒரு தலைமையின்கீழ்க் கொணர்ந்தார்கள். பேரறிஞர் ஷைகு உமர் சுஹ்ரவர்தி (ரஹ்) அவர்கள் ஃபுதுவ்வத்தின் ஒழுக்கங்களை விளக்கி நூல் இயற்றினார்கள். கூட்டத்தாரிடையே கலகம் மூண்டபோது, 1207-ஆம் ஆண்டு கலீபா ஓர் ஆணை பிறப்பித்தார்கள். கொலை செய்தவன் ஃபுதுவ்வத்தினின்றும் நீங்கியவனாவான். கொலைகாரனுக்குப் புகலிடம் தரும் தோழனும் அவ்வாறே நீங்கியவனாவான் என்பது அதன் சாரம். பாஸ்டனில் 1996-இல் கூறப்பட்டதும் பாக்தாதில் 1207-இல் கூறப்பட்டதும் ஒன்றுக்கொன்று எத்துணை நெருக்கமானவை!

அந்த ஃபுதுவ்வத்தின் நெறியே பின்னர் அனதோலியா நாட்டில் ‘அகீ’ சகோதரர்களிடம் கனிந்தது. 1330-களில் அங்குச் சென்ற பயணி இப்னு பதூதா, அந்தாலியா நகரில் எளிய உடையணிந்த செருப்புத் தைப்பவர் ஒருவர் தம்மை விருந்துக்கு அழைத்ததைக் கண்டு வியந்தார். அவரோ சுமார் இருநூறு தொழிலாளர்களுக்குத் தலைவர். அவ்வாலிபர்கள் பகலெல்லாம் உழைத்து, மாலையில் தம் வருவாயைத் தலைவரிடம் சேர்த்து, வழிப்போக்கருக்கு உணவளித்து, பின்னர்த் தாமும் கூடியுண்டனர். கடைவீதியில் பணம் பறித்த பெயர், கடைவீதியில் விருந்தளிக்கும் பெயராயிற்று. தொழிலும் தலைமையும் தங்குமிடமும் ஒருங்கே கிடைத்ததே இம்மாற்றத்தின் இரகசியம்.

பெருமானாரின் திருத்தம்

இவை அனைத்திற்கும் மூலம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இருக்கிறது. ஏறத்தாழ இருபது வயது வாலிபராயிருந்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவில் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடிய ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ என்னும் உடன்படிக்கையில் பங்கு கொண்டார்கள். வெளியூர் வணிகர் ஒருவரின் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்த மக்கத்துப் பிரமுகருக்கு எதிராக, அநீதியிழைக்கப்பட்டவர் பக்கமே நிற்போம் என்று செய்த உடன்படிக்கை அது. நபித்துவம் பெற்ற பின்னரும் அதனைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார்கள்.

பின்னொரு நாள், ஒரு பயணத்தின்போது முஹாஜிர் ஒருவருக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் கைகலப்பு ஏற்பட்டது. ஒருவர் முஹாஜிர்களை அழைத்துக் கூவினார். மற்றவர் அன்ஸார்களை அழைத்துக் கூவினார். இரண்டும் அல்லாஹ்விடத்தில் சிறப்புப் பெற்ற பெயர்கள். எனினும் அவை கும்பல் சேர்க்கும் கூக்குரலானபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அதனை ஜாஹிலிய்யத்தின் அழைப்பு என்று கண்டித்தார்கள். சகோதரன் அநியாயம் செய்பவனாயினும் அநியாயத்திற்கு ஆளானவனாயினும் அவனுக்கு உதவ வேண்டும் என்றும், அநியாயம் செய்பவனுக்குரிய உதவி அவனைத் தடுத்து நிறுத்துவதே என்றும் அறிவுறுத்தினார்கள். தோழமையை அவர்கள் அறுக்கவில்லை. அதன் பொருளைத் திருத்தினார்கள்.

நாம் செய்ய வேண்டியது

இவற்றிலிருந்து பெற்றோரும் ஜமாஅத்தாரும் கொள்ளத்தக்க படிப்பினைகள் தெளிவானவை.

பள்ளிக்கூடம் விட்ட நேரத்திற்கும் வீட்டில் விளக்கணைக்கும் நேரத்திற்கும் இடையே பிள்ளை யாருடன் இருக்கிறான் என்பதைத் தகப்பன் அறிந்திருக்க வேண்டும். தகப்பன் வெளிநாட்டில் உழைப்பவராகவோ, மறைந்துவிட்டவராகவோ இருப்பின், தாய்மாமனோ பெரிய தந்தையோ பள்ளிவாசல் இமாமோ அவ்விடத்தை நிரப்ப முன்வர வேண்டும். யத்தீமின் தலையைத் தடவிக் கொடுப்பதோடு கடமை தீர்ந்துவிடாது. அவன் பதினைந்து வயதை எட்டும்போதுதான் நம் துணை அவனுக்குப் பெரிதும் தேவைப்படுகிறது.

பிள்ளையின் ஆசையை எள்ளி நகையாடாதீர்கள். ஓர் ஆசிரியரின் ஒரு சொல் மால்கமை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். மானத்திற்காகவே வாலிபன் கத்தி எடுக்கிறான். அம்மானம் வீட்டிலும் பாடசாலையிலும் பள்ளிவாசலிலும் கிடைக்குமாயின் தெருவில் அதைத் தேட மாட்டான்.

தவறிய பிள்ளையைக் காப்பாற்றுவதாக எண்ணிக் குற்றத்தை மூடிமறைப்பது பாசமன்று. கொல்லப்பட்டவனுக்கும் ஒரு தாய் உண்டு. அவளுக்குரிய நீதியை மறுத்துவிட்டு நாம் சமாதானம் பேச முடியாது. கையைத் தடுப்பதே உதவி என்றால், சில வேளைகளில் அக்கையைப் பிடித்துச் சட்டத்தின் முன் நிறுத்துவதும் அவ்வுதவியைச் சார்ந்ததே.

ஆயினும் தண்டனை முடிந்து வருபவனுக்குக் கதவைச் சாத்துவது அதனினும் பெரிய கொடுமை. சிறையிலிருந்து வந்தவனுக்கு நம் கடையில் வேலை தருவோமா? தொழுகை வரிசையில் அவனருகே மனமுவந்து நிற்போமா? நம் வீட்டுத் திருமணத்திற்கு அவனை அழைப்போமா? இவற்றிற்கு நாம் இல்லை என்று விடையளிப்போமாயின், அவனை ஆம் என்று அணைத்துக்கொள்ள இவ்வுலகில் ஒரே ஓர் இடந்தான் மிஞ்சும். அது அவன் விட்டு வந்த அதே கூட்டம். தவ்பாவின் வாசலை அல்லாஹ் திறந்து வைத்திருக்க, அடியார்கள் தம் வாசலை அடைத்துக்கொள்வது எங்ஙனம் தகும்?

இப்பணி ஒரு நாள் மாநாட்டிலோ ஒரு தீர்மானத்திலோ முடிவதன்று. சிறுகச் சிறுக, வாரந்தோறும், ஆண்டுதோறும் செய்ய வேண்டியது. பாஸ்டன் நகரம் கைவிட்ட ஆண்டுகளில் சிந்திய இரத்தம் அதற்குச் சாட்சி.

வல்ல அல்லாஹ் நம் வாலிபர்களை நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் துணிவும் குகைத் தோழர்களின் ஒற்றுமையும் உடையவர்களாக ஆக்கியருள்வானாக! வழி தவறிய பிள்ளைகளின் கையை உரிய வேளையில் பற்றி நிறுத்தும் உறுதியை நமக்கு வழங்குவானாக! ஆமீன்.